தண்ணி ஊசியா போட்டார்கள்?

2021 ஜூன் மாதம். அடுத்த தெருவில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் கொரோனா தடுப்பூசி முகாம். காலை 6 மணிக்கே போய் டோக்கன் வாங்கி வைத்திருந்தேன். அப்பாவுக்கு 68 வயது, தங்கைக்கு 27. வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றார்கள். போட்டது கோவிஷீல்டு. அதன் ஒரு குப்பியைத் திறந்தால் 10 பேருக்குப் போடலாம், ஆகவே இரண்டு பேருக்கும் ஒரே குப்பி மருந்துதான் போயிருக்கும். போட்ட பிறகு அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து அனுப்பினார்கள்.

அன்று ராத்திரி தங்கைக்கு 102 டிகிரி காய்ச்சல். இரண்டு போர்வை போர்த்தியும் பற்கள் தந்தியடித்தன. அப்பா வழக்கம்போல நாலு இட்லி சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்கி, காலையில் வாக்கிங்கும் போய்விட்டு வந்தார். வந்தவர் முகத்தில் திருப்தியே இல்லை. "எனக்குத் தண்ணி ஊசி போட்டுட்டாங்கடா" என்றார். அம்மா அடுப்படியிலிருந்தபடியே, "அவங்கவங்க உடம்பு வாகு" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்.

அம்மா சொன்னது சரி. ஆனால் அந்த ‘உடம்பு வாகு’க்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால், அப்பாவின் சந்தேகத்துக்கும் சேர்த்தே பதில் கிடைக்கிறது.

முதலில் நாய், அப்புறம் போலீஸ்

வீட்டுக்குள் யாரோ நுழைந்தால் முதலில் நாய் குரைக்கும். வந்தவன் யார், எவர் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. புது ஆள், அவ்வளவுதான். போலீஸ் வந்து, கைரேகை எடுத்து, அடையாளம் எழுதி வைத்து, அடுத்த முறை அவன் தலையைக் காட்டினாலே பிடிக்கத் தயாராவது அப்புறம் நடக்கிற வேலை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் ஏறக்குறைய இப்படித்தான் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது.

ஊசி தோள்பட்டைச் சதைக்குள் இறங்கியதும், அந்த இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் காவல் செல்கள் மருந்தைப் பார்த்து உஷாராகின்றன. இது பிறவியிலேயே வருகிற எதிர்ப்பு. அந்தச் செல்கள் சைட்டோகைன் என்ற சேதிப் பொருட்களைக் கொட்டுகின்றன. ரத்தக்குழாய் விரிகிறது, அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் வலிக்கிறது. சைட்டோகைன் ரத்தத்தில் கலந்து மூளையை எட்டும்போது அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் பகுதி தன் அளவை ஏற்றி வைத்துக்கொள்கிறது. 98.6 டிகிரிக்குப் பதில் 102 தான் சரியான சூடு என்று மூளை முடிவுகட்டிவிட்டால், 98.6-ல் இருக்கிற உடம்புக்குக் குளிராகத்தானே இருக்கும்? அதனால்தான் ஜூன் மாதப் புழுக்கத்திலும் இரண்டு போர்வை. நடுக்கம் என்பது சதைகளை உதறி உதறிச் சூடு ஏற்றுகிற வேலை. பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுத்துச் சூட்டை இறக்குகிறது.

இதெல்லாம் நாய் குரைப்பது. ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும்.

போலீஸ் வேலை நடக்கும் இடம் அக்குள். காவல் செல்களில் சில, மருந்தின் துணுக்குகளைத் தூக்கிக்கொண்டு அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குப் போகின்றன. (சிலருக்கு ஊசி போட்ட பக்கம் நெறி கட்டுவது இதனால்தான்.) அங்கே கோடிக்கணக்கான செல்களில் அந்தத் துணுக்குக்குப் பொருந்துகிற ஒரு சிலவற்றைத் தேடிப் பிடித்து, பெருக்கி, பழக்கி, கிருமியைப் பிடிக்கிற ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிக்க வைக்க வேண்டும். ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகிற காரியம். இந்தக் கட்டம் பெரும்பாலும் சத்தமே போடாது. நாம் சாப்பிட்டு, வேலைக்குப் போய், சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

நாய் எவ்வளவு சத்தமாகக் குரைத்தது என்பதை வைத்துப் போலீஸ் எவ்வளவு கெட்டி என்று சொல்ல முடியாது. அப்பா செய்தது அதைத்தான்.

இதற்கு நல்ல சாட்சி, 2020 கடைசியில் வெளியான ஃபைசர் தடுப்பூசிப் பரிசோதனை. இரண்டாவது டோஸுக்குப் பிறகு, 55 வயது வரையிலான பிரிவில் 16 சதவீதம் பேருக்குக் காய்ச்சல் வந்தது. 55-ஐத் தாண்டியவர்களில் 11 சதவீதம். அதாவது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் காய்ச்சலே வரவில்லை. ஆனால் நோயைத் தடுத்ததோ 95 சதவீதம். காய்ச்சல் வந்தவர்களுக்கு மட்டும்தான் ஊசி பலித்தது என்றால் இந்தக் கணக்கு எப்படி வரும்? காய்ச்சல் வந்தவர்களுக்கு ஆன்டிபாடி சற்றுக் கூடுதலாக இருந்ததாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, வேறு சில அப்படி ஒன்றும் இல்லை என்கின்றன. எப்படிப் பார்த்தாலும் காய்ச்சலை மார்க் ஷீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

தண்ணி ஊசிக்கும் தலைவலி வரும்

அப்பா சொன்ன தண்ணி ஊசி உண்மையிலேயே இருக்கிறது. பரிசோதனைகளில் பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீரும் போடுவது வழக்கம். யாருக்கு எது போனது என்று அவர்களுக்கே தெரியாது. அதே ஃபைசர் பரிசோதனையில், உப்புத்தண்ணீர் போட்டுக்கொண்ட இளைய பிரிவினரில் 23 சதவீதம் பேர் அசதி என்றார்கள், 24 சதவீதம் பேர் தலைவலி என்றார்கள்.

2022-ல் 12 கொரோனா தடுப்பூசிப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முதல் தடவை தண்ணி ஊசி போட்டவர்களில் 35 சதவீதம் பேர் தலைவலி, அசதி மாதிரி ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. தலைவலியும் அசதியும் எந்த வாரத்திலும் யாருக்கும் வரக்கூடியவை. ஊசி போட்ட வாரத்தில் வந்தால் ஊசி மேல் பழி. போதாக்குறைக்கு, ‘ஏதாவது வருமோ’ என்று பயந்து உடம்பையே கவனித்துக்கொண்டிருந்தால் சின்ன வலியும் பெரிதாகத் தெரியும். எதிர்பார்ப்பும் உடம்பு வாகில் சேர்த்திதான்.

அதற்காக எல்லாவற்றையும் மனப்பிரமை என்று தள்ளிவிட வேண்டாம். எங்கள் வீட்டுத் தெர்மாமீட்டருக்கு எந்த எதிர்பார்ப்பும் கிடையாது.

வயசும் ஆண்-பெண்ணும்

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியின் போலீஸில் ஒரு பிரிவான டி செல்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். வாலிபம் வந்த பிறகு அது சுருங்கத் தொடங்கி, வயதாக ஆகக் கொழுப்பாக மாறிவிடுகிறது. புது ஆட்களின் வரத்து குறைகிறது, நாயும் முன்போலத் துள்ளிக் குரைப்பதில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் வராததற்கு இது ஒரு காரணம்.

நியாயமாக இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு நாய் மட்டும் அல்ல, போலீஸும் கொஞ்சம் மந்தம்தான். சில ஊசிகளுக்கு இது நன்றாகவே தெரிகிறது. அதனால் சில நாடுகளில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, வழக்கத்தைப் போல 4 மடங்கு மருந்துள்ள ஃப்ளூ தடுப்பூசி போடுகிறார்கள். ஹெபடைடிஸ் பி ஊசியும் 40 வயதுக்கு மேல் போட்டால் சற்று மங்கலாகவே பிடிக்கும். உடல் பருமன், புகைப்பழக்கம் இருந்தால் இன்னும் குறையும்.

அடுத்தது ஆண், பெண். அமெரிக்காவில் கொரோனா ஊசி தொடங்கிய முதல் மாதத்தில் போட்டுக்கொண்டவர்களில் 61 சதவீதம் பெண்கள். பக்கவிளைவு என்று புகார் வந்தவற்றில் 79 சதவீதம் பெண்களுடையது. பெண்கள் டாக்டரிடம் வாய்திறந்து சொல்கிறார்கள், ஆண்கள் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள் என்பது ஒரு பங்கு. ஆனால் அதுவே முழுக் காரணம் இல்லை. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், பாதி அளவு ஃப்ளூ ஊசி போட்ட பெண்களுக்கு, முழு அளவு போட்ட ஆண்களுக்கு நிகராக ஆன்டிபாடி வந்திருந்தது. வைரஸின் மரபுப்பொருளை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்7 என்ற உணர்வான் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு அந்தக் குரோமோசோம் இரண்டு. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் எதிர்ப்புச் சக்தியை ஓரளவு அடக்கி வைக்கிறது. இதற்குப் பெண்கள் கொடுக்கும் விலையும் உண்டு. லூபஸ் போல, எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்கள் பெண்களுக்கே மிக அதிகம்.

27 வயது, பெண். தங்கைக்கு அன்று காய்ச்சல் வந்ததில் பெரிய ஆச்சரியம் இல்லை.

உடம்பு மறப்பதில்லை

எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்தது, உடம்பு பழைய கணக்கை வைத்திருக்கும் விதம்தான். ஃபைசர், மாடர்னா போட்டவர்களைக் கேளுங்கள், இரண்டாவது ஊசிதான் படுத்தி எடுத்தது என்பார்கள். கோவிஷீல்டு போட்டவர்கள் முதல் ஊசியைச் சொல்வார்கள். ஏன் இப்படித் தலைகீழாக? கோவிஷீல்டில் மருந்தைச் சுமந்து போகிற வண்டி, சிம்பன்சியிடமிருந்து எடுத்துப் பெருக முடியாதபடி மாற்றிய ஓர் அடினோவைரஸ். முதல் தடவை அந்த வண்டியைப் பார்த்தே நாய் ஊரைக் கூட்டுகிறது. இரண்டாவது தடவைக்குள் வண்டிக்கு எதிராகவும் ஆன்டிபாடி வந்துவிடுவதால் அது வந்த வேகத்திலேயே மடக்கப்படுகிறது. ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ ஊசிகளில் அப்படி வைரஸ் வண்டி கிடையாது. முதல் ஊசியில் பழகிய செல்கள் இரண்டாவதில் மொத்தமாகக் கிளம்புகின்றன. முன்பே கொரோனா வந்து போனவர்களுக்கு முதல் ஊசியே அப்படித்தான் இருந்தது.

நம் ஊரில் இதைவிடப் பழக்கமான உதாரணம் டிடி ஊசி. ஆணி குத்தியதா, டிடி. சைக்கிளிலிருந்து விழுந்தானா, டிடி. போன வருஷம் போட்டது, இந்த வருஷமும் போட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவருக்கு இப்படிப் போட்டுப் போட்டு ஒரு தடவை தோளிலிருந்து முழங்கை வரை கை வீங்கிச் சிவந்துவிட்டது. ‘காலாவதியான மருந்து’ என்று சண்டைக்குக் கிளம்பினார். மருந்தின் மேல் குற்றம் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. டெட்டனஸுக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் ஏற்கெனவே நிறைய இருக்கும்போது மேலும் மருந்தை இறக்கினால், ஊசி போட்ட இடத்திலேயே இரண்டும் கட்டிக்கொண்டு வீங்க வைக்கும். முறையாகப் போட்டு முடித்தவர்களுக்கு ஒரு பூஸ்டர் பல வருஷம் தாங்கும் என்பதால்தான், டாக்டர்கள் "கடைசியா எப்பப் போட்டீங்க?" என்று முதலில் கேட்கிறார்கள். தேதியை எழுதி வைத்திருப்பவர்களைத்தான் நான் பார்த்ததில்லை.

ஊர் மண்ணும் சேர்த்திதான்

ஒரே ஊசி ஒரு நாட்டில் நன்றாகப் பலித்து, இன்னொரு நாட்டில் கையை விரித்த கதை நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. காசநோய்க்கான பிசிஜி ஊசி, பிரிட்டனில் 1950-களில் பள்ளி மாணவர்களிடம் சோதித்தபோது 70 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்புக் கொடுத்தது. அந்த நம்பிக்கையில் 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2.6 லட்சம் பேரைச் சேர்த்து மிகப் பெரிய பரிசோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தும், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. பலர் ஏற்கும் விளக்கம் இது: நம் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் பங்காளிகளான, கெடுதல் செய்யாத கிருமிகள் நிறைய. சின்ன வயதிலிருந்தே அவற்றோடு பழகிய உடம்புக்கு பிசிஜி புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அது நன்றாகத் தடுப்பதால், பிறந்ததும் போடுவது இன்றும் தொடர்கிறது.

போலியோ சொட்டு மருந்திலும் இதே கதைதான். மேலை நாட்டுக் குழந்தைகளுக்கு 3 தடவை கொடுத்தால் போதுமானதாக இருந்தது, நம் குழந்தைகளுக்குப் போதவில்லை. 1970-களிலேயே வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜான் இதைக் கண்டு சொன்னார். குடலில் எந்நேரமும் வேறு வைரஸ்களும் தொற்றுகளும் குடியிருந்தால் சொட்டு மருந்து வைரஸுக்கு இடம் கிடைப்பதில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. ‘எத்தனை தடவைதான் சொட்டு மருந்து கொடுப்பது’ என்று நாம் அலுத்துக்கொண்டதற்குப் பின்னால் இதுதான் இருந்தது. நாட்டின் கடைசிக் காட்டு வைரஸ் போலியோ 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில்.

மரபணுவுக்குப் பங்கில்லையா? உண்டு. எச்எல்ஏ என்ற மரபணுத் தொகுதிதான் மருந்துத் துணுக்குகளைச் செல்கள் எப்படி ஏந்திக் காட்ட வேண்டும் என்பதை முடிவு செய்கிறது, அது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஹெபடைடிஸ் பி ஊசியை 3 தடவை போட்டும் பெரியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குப் போதிய ஆன்டிபாடி வராது, இந்த மரபணுக்களுக்கும் அதில் கை இருக்கிறது. ஆனால் 2015-ல் 210 இரட்டையர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், எதிர்ப்புச் சக்தியின் அளவுகளில் முக்கால்வாசியை மரபணுவைவிட வாழ்ந்த வாழ்க்கைதான் அதிகம் தீர்மானித்திருந்தது. ஒரே முகத்தோடு பிறந்தவர்களுக்கே இப்படி என்றால், அப்பாவும் மகளும் எம்மாத்திரம்!

குழந்தைக்குப் போடும்போது

புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் உட்கார்ந்தால் இதையெல்லாம் கண்ணாலேயே பார்க்கலாம். ஒன்றரை மாசம், இரண்டரை மாசம், மூன்றரை மாசம் என்று தொடையில் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் ஊசி. நாட்டிலேயே முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் தொடங்கியது. அதில் கக்குவான் கிருமியைக் கொன்று முழுதாக அப்படியே சேர்த்திருக்கிறார்கள், அதனால் காய்ச்சலும் வீக்கமும் கூடுதல். தனியார் கிளினிக்குகளில் ‘வலியில்லாத ஊசி’ என்று போடுவதில் கிருமியின் சில துண்டுகள்தான் இருக்கும். அழுகை குறைவு, ஆனால் கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். மூத்தது ராத்திரி முழுக்க அழுதது, இளையது அசையாமல் தூங்கியது என்று ஒரே அம்மா சொல்வதைக் கேட்கலாம். இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன.

பிசிஜி போட்ட இடது தோளில் சில வாரத்தில் சின்னக் கொப்புளம் வந்து, உடைந்து, ஆறித் தழும்பாகும். மருந்து தடவவோ கட்டுப் போடவோ தேவையில்லை. தழும்பே விழாத குழந்தைகளும் உண்டு. அதனால் ஊசி பலிக்கவில்லை என்று ஆகாது, திரும்பப் போட வேண்டியதும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

காய்ச்சல் வரட்டும் என்று காத்திருந்து பாராசிட்டமால் கொடுப்பதா, முன்கூட்டியே கொடுத்துவிடுவதா? 2009-ல் வெளியான செக் நாட்டு ஆய்வில், காய்ச்சல் வருவதற்கு முன்பே கொடுத்த குழந்தைகளுக்குச் சில ஊசிகளின் ஆன்டிபாடி சற்றுக் குறைந்திருந்தது. ஆகவே வந்த பிறகு, சொன்ன அளவில் கொடுப்பது நல்லது. டாக்டரே முன்கூட்டிக் கொடுக்கச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும்.

தூக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சில இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே தூங்க விட்டு ஃப்ளூ ஊசி போட்டவர்களுக்கு, பத்தாம் நாள் ஆன்டிபாடி மற்றவர்களில் பாதிகூட இல்லை என்று 2002-ல் ஓர் ஆய்வு காட்டியது. சில வாரங்களில் அவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அரை மணி நேர பெஞ்சு, கடுமையான ஒவ்வாமைக்காக. பொதுவாகத் தடுப்பூசிகளில் பத்து லட்சம் டோஸுக்கு ஏறக்குறைய ஒன்று என்ற அளவில் அது வரும், வந்தால் நிமிடங்களில் வரும், அங்கேயே மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம். மூச்சுத் திணறல், முகம் வீங்குவது, நெஞ்சுவலி, நாளாகியும் விடாத கடும் தலைவலி, குழந்தை துவண்டு கிடப்பது, இவற்றை ‘உடம்பு வாகு’ என்று விட்டுவிடக் கூடாது. கோவிஷீல்டு வகை ஊசிகளுக்குப் பிறகு மிக அரிதாக ரத்தம் உறைந்ததும், எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு இளைஞர்கள் சிலருக்கு இதயத்தசை அழற்சி வந்ததும் உண்மை. அதேபோல, சிறுநீரகம் மாற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் சரி’ என்று இருந்துவிட முடியாது. அவர்களுக்கு உண்மையிலேயே ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். கூடுதல் டோஸ் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

84 நாள் கழித்து செப்டம்பரில் இரண்டாவது டோஸ். தங்கை முன் ஜாக்கிரதையாக ஆபீசுக்கு ஒரு நாள் லீவு போட்டு, பாராசிட்டமால் அட்டையும் தெர்மாமீட்டரும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். ஒன்றும் வரவில்லை. லீவு வீணாகிவிட்டதே என்று புலம்பினாள். அப்பாவுக்கு மட்டும் மறுநாள் சட்டை மாட்ட முடியாதபடி கை வலி. இடது கையைத் தூக்க முடியாமல் தூக்கி, எங்கள் எல்லோரிடமும் காட்டிக்கொண்டே இருந்தார். "இந்தத் தடவை ஒழுங்கான மருந்து போட்டிருக்கான்."